அன்ரியலா, யூனிட்டியா? சண்டைக்கு உட்காரும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செங்கோட்டையில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். சாயங்காலம் ஆறு மணி ஆகிவிட்டால் வாசல் பெஞ்சில் நாலைந்து பையன்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கரண்டு என்னுடையது, வைஃபை என்னுடையது, சண்டை மட்டும் அவர்களுடையது. ஒரு காலத்தில் நடிகர்களுக்காக அடித்துக்கொண்ட அதே பெஞ்சில் இப்போது கேம் இன்ஜினுக்காக, அதாவது கேம் செய்ய உதவும் அன்ரியல், யூனிட்டி என்ற மென்பொருள்களுக்காக அடித்துக்கொள்கிறார்கள்.

போன வாரம் சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு மாலை. கேரளத்துப் புனலூரிலிருந்து அத்தை வீட்டுக்கு வந்திருந்த பையன் ஆரம்பித்தான். "யூனிட்டியில செய்த கேமெல்லாம் காட்டூன் போலல்லே சேட்டா இருக்கும். ஒறிஜினல் மாதிரி வேணும்னா அன்ரியல் தன்னே." சொல்லும்போதே அவன் கையில் கால் ஆஃப் டூட்டி மொபைல் ஓடிக்கொண்டிருந்தது. புகை, புழுதி, துப்பாக்கி இரும்பின் மினுமினுப்பு எல்லாம் அச்சு அசல். 2019-இல் வந்த அந்த கேம் யூனிட்டியில் செய்தது. பக்கத்தில் இருந்த எங்கள் ஊர்ப் பையனுக்கு அது தெரிந்திருந்தது. "ஏலே, நீ ஆடுறதே யூனிட்டிதாம்ல" என்று சிரித்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அதான் இந்தப் போனு இந்தச் சூடு சுடுது" என்று சேர்த்துக்கொண்டான்.

ஒரே நிமிடத்தில் ஆளுக்கொரு தவறு.

தோற்றத்தைப் பார்த்தே இன்ஜினைச் சொல்லிவிடலாம் என்று நினைப்பதுதான் பெஞ்சில் தினமும் நடக்கிற தவறு. 2020-இல் வந்த வேலரன்ட் அன்ரியலில் செய்தது. ஆனால் அதன் சுவர்கள் பெயின்ட் அடித்த மாதிரி தட்டையாக இருக்கும், பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். அப்படி ஓட வேண்டும் என்றுதான் அதைச் செய்தார்கள். 2017-இன் கப்ஹெட் யூனிட்டியில் செய்தது. 1930-களின் கார்ட்டூன் போல ஒவ்வொரு அசைவையும் காகிதத்தில் பென்சிலால் வரைந்து உள்ளே ஏற்றியிருக்கிறார்கள். அதே யூனிட்டியில்தான் கென்ஷின் இம்பாக்டின் புல்வெளிகளும் அசைகின்றன. இன்ஜின் இதில் எந்த இடத்திலும் "இப்படி வரை" என்று சொல்லவில்லை.

பையன்களிடம் நான் பந்தல்காரரை வைத்துத்தான் விளக்குவேன். எங்கள் தெருவில் கல்யாண வீட்டுக்கும் துஷ்டி வீட்டுக்கும் ஒரே பந்தல்காரர்தான் வருவார். கால், கயிறு, தகரம், நாற்காலி, ஜெனரேட்டர் எல்லாம் அதே வண்டியில் இறங்கும். வாழை மரம் கட்டுவதும் கட்டாததும் வீட்டுக்காரர் பாடு. இன்ஜினும் அந்த வண்டிதான். படம் வரைவது, பொருள் விழுந்தால் உருள்வது, சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கணக்குப் போடுவது, விரல் தொட்டதைப் படிப்பது, நெட்டில் மற்ற ஆட்டக்காரர்களோடு பேசுவது, இத்தனைக்கும் தயாராக ஒரு சாமான் கட்டு. நொடிக்கு 60 பிரேம், அதாவது 60 படம், ஓட வேண்டும் என்றால் ஒரு பிரேமுக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 16.7 மில்லிசெகண்ட். மேலே சொன்ன எல்லா வேலையும் அதற்குள் முடிய வேண்டும். நம் கண்ணுக்குத் தெரிவது படம் மட்டும்தான் என்பதால் இன்ஜின் என்றாலே படம் என்று பேசுகிறோம்.

யூனிட்டிக்கு "மலிவுச் சரக்கு" என்று பெயர் வந்த கதை சுவாரசியமானது, இதைச் சொன்னால் பையன்கள் நம்பவே மாட்டார்கள். யூனிட்டியை இலவசமாக எடுத்துப் பயன்படுத்துகிறவர்கள் கேம் தொடங்கும்போது அதன் லோகோவைக் காட்டியே தீர வேண்டும் என்று பல வருடங்கள் விதி இருந்தது. காசு கொடுத்து வாங்கியவர்கள் அதை எடுத்துவிடலாம். விளைவு என்ன? காலேஜ் பையன் ரெண்டு வாரத்தில் ஒட்டிச் செய்த கேமில் லோகோ பளிச்சென்று வரும். பெரிய கம்பெனி கோடிக்கணக்கில் செலவழித்த கேமில் லோகோவே இருக்காது. நாம் பார்த்த சுமார் கேமில் எல்லாம் அந்தப் பெயர் இருந்தது, நல்ல கேமில் எல்லாம் மறைந்திருந்தது. கண்ணில் பட்டதை மட்டும் எண்ணினால் கணக்கு இப்படித்தான் கோணலாகும். 2024-இல் வந்த யூனிட்டி 6-லிருந்துதான் இலவசக்காரர்களுக்கும் அந்தக் கட்டாயம் போனது.

புது இன்ஜினில் போட்டால் பழைய கேம் அழகாகிவிடும் என்ற நம்பிக்கை எனக்கே இருந்தது. அந்தக் காலத்தில் நான் பிரவுசிங் சென்டர் நடத்தினேன். மணிக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டு ஜிடிஏ வைஸ் சிட்டி ஆட வந்தவர்கள்தான் என் வாடகையைக் கட்டினார்கள். 2001-இன் ஜிடிஏ 3, 2002-இன் வைஸ் சிட்டி, 2004-இன் சான் ஆண்ட்ரியாஸ் மூன்றும் ரெண்டர்வேர் என்ற இன்ஜினில் செய்தவை. இந்த மூன்று பழைய ஜிடிஏ கேம்களையும் 2021 நவம்பரில் அன்ரியல் இன்ஜின் 4-க்கு மாற்றி வெளியிட்டார்கள். வெளிச்சம் புதிது, நிழல் புதிது, தரையில் நீர் மின்னியது. ஆனாலும் வந்த வாரமே ஊர் சிரித்தது. மழை பெய்தால் திரை முழுக்க வெள்ளைக் கோடுகள் விழுந்து ரோடே தெரியவில்லை. முகங்கள் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி ஆகியிருந்தன. கடைசியில் ராக்ஸ்டார் கம்பெனியே மன்னிப்புக் கேட்டது.

அதில் என்னை யோசிக்க வைத்தது மழை இல்லை, புகைமூட்டம். பழைய சான் ஆண்ட்ரியாஸ் ஓடிய பிளேஸ்டேஷன் 2-இல் மெயின் மெமரியே 32 எம்பிதான். தூரத்துக் கட்டடங்களை வைத்துக்கொள்ள இடமில்லை. அதனால் கொஞ்ச தூரத்துக்கு அப்பால் எல்லாவற்றையும் ஆரஞ்சு நிறப் புகைமூட்டத்தில் கரைத்துவிட்டார்கள். புது பதிப்பில் மெமரிக்குப் பஞ்சமில்லை, மூட்டத்தைத் துடைத்துவிட்டார்கள். மலை உச்சியில் ஏறி நின்றால் ஒரு நகரம், பாலைவனம், அடுத்த நகரம் எல்லாம் ஒரே தட்டில் வைத்த பலகாரம் மாதிரி தெரிந்தது. இவ்வளவு சின்ன மேப்பிலா ராத்திரி முழுக்க வண்டி ஓட்டினோம் என்றாகிவிட்டது. எங்கள் ஊர்க்காரனுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஆடி மாதம் புளியரைப் பக்கம் மேகம் இறங்கினால் மலை எங்கே முடிகிறது என்றே தெரியாது, அவ்வளவு பெரிதாக நிற்கும். அதே மலை பங்குனி உச்சி வெயிலில் கை நீட்டினால் தொட்டுவிடலாம் போலச் சுருங்கிக் கிடக்கும். பழைய ஆட்கள் குறையை மறைக்க இறக்கிய மேகம்தான் அந்த ஊருக்கே அகலத்தைக் கொடுத்திருக்கிறது. அதை எடுக்கச் சொன்னது அன்ரியல் இல்லை.

சூட்டுக்கு வருகிறேன், அது என் தொழில். போன சித்திரையில் ஒருவன் போனை மேஜை மேல் வைத்து, "அன்ரியல் ஹெவி அண்ணாச்சி, பத்து நிமிஷத்துல பிரேம் விழுந்துருது, போர்டு போச்சான்னு பாருங்க" என்றான். ஆடியது பிஜிஎம்ஐ, பப்ஜியின் இந்தியப் பதிப்பு. அது அன்ரியல் இன்ஜின் 4 என்பது சரிதான். போனைத் தொட்டுப் பார்த்தேன், தோசைக்கல். பின்னால் தடியான ரப்பர் பவுச். அதற்குள் மடித்து வைத்த ஒரு ஐம்பது ரூபாய் நோட்டு, ஒரு பஸ் டிக்கெட். அடியில் சார்ஜர் குத்தியிருந்தது, ஆள் உட்கார்ந்திருந்தது தகரக் கூரைக்குக் கீழே. போன் சூடானால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேறு வழி அதற்கு இல்லை. பவுச்சைக் கழற்றி, சார்ஜரைப் பிடுங்கி, ஃபேனுக்கு நேரே கால் மணி நேரம் வைத்துக் கொடுத்தேன். ஆட்டம் வழுக்கிக்கொண்டு ஓடியது. கூலி வாங்கவில்லை.

இன்ஜின் மேல் பழியே போடக்கூடாது என்று சொல்ல வரவில்லை. கம்ப்யூட்டரில் அன்ரியலில் செய்த பல கேம்கள் புது இடத்துக்குள் நுழையும்போது கண் சிமிட்டும் நேரம் உறைந்து நிற்பது உண்மை. ஷேடர் என்கிற சின்னச் சின்ன வரைகலை நிரல்களை அந்த நேரத்தில் தயார் செய்வதால் வரும் திக்கல் அது. இப்படி இடத்தையும் நேரத்தையும் குறிப்பிட்டுச் சொன்னால் அது விமர்சனம். மொத்தமாக "ஹெவி" என்று சொன்னால் எனக்கும் புரியாது, செய்தவனுக்கும் புரியாது.

டெமோவைக் காட்டி வாதாடுவதை ஒரு வரியில் முடித்துவிடலாம்: 2020 மே மாதம் ஒரு பெண் குகைக்குள் நடக்கும் அன்ரியல் 5-இன் டெமோவைக் காட்டினார்கள், இன்ஜின் முழுதாக வெளிவந்தது 2022 ஏப்ரலில், அந்தக் குகையில் நடந்த பெண்ணைச் சுற்றி நூறு பேர் சுட்டுக்கொண்டிருக்கவில்லை. யூடியூபில் இரண்டு கேமைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டுவதும் அப்படித்தான். வீடியோவைச் சுருக்கும்போது முதலில் சிதைவது புல்லும் மழையும் புகையும். கிராபிக்ஸ் சண்டையில் நாம் எடுத்துக்காட்டுவதும் அவற்றைத்தான்.

கம்பெனி இன்ஜினை மாற்றினால் "பழசு குப்பை, அவனே ஒத்துக்கிட்டான்" என்று குதிப்பது இன்னொன்று. விட்சர் 3, சைபர்பங்க் 2077 கேம்களைச் சொந்த இன்ஜினில் செய்த போலந்துக் கம்பெனி 2022 மார்ச்சில் அன்ரியல் 5-க்குப் போவதாக அறிவித்தது. ஹாலோ கேமைச் செய்கிறவர்கள் 2024 அக்டோபரில் அதே முடிவைச் சொன்னார்கள். சொந்த இன்ஜின் என்றால் அதைப் பராமரிக்க ஒரு பட்டாளம் வேண்டும், புதிதாக வேலைக்கு வருகிறவனுக்கு முதலிலிருந்து சொல்லித்தர வேண்டும். அன்ரியல் தெரிந்த ஆள் வெளியிலேயே கிடைப்பான்.

மாற்றுவதும் லேசு இல்லை. எங்கள் ஊருக்கு இது நன்றாகத் தெரியும். புனலூர் செங்கோட்டை மீட்டர்கேஜ் பாதையை அகலப்பாதை ஆக்க 2010-இல் மூடினார்கள், திரும்ப வண்டி ஓடியது 2018-இல். மலை அதே மலை, ஊர் அதே ஊர். நடுவில் ஏழு ஆடிச் சாரல் போய்விட்டது. மீட்டர்கேஜ் குப்பை என்று எங்கள் பக்கம் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மற்ற ஊர் தண்டவாளம் எல்லாம் அகலமாகிவிட்டது, இது மட்டும் தனித்து நின்றது, அவ்வளவுதான்.

வயதைச் சொல்லி மட்டம் தட்டுவதும் செல்லாது. 2019-இன் ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் ஓடுவது 2004-இன் சோர்ஸ் இன்ஜினைத் திருத்தி எழுதிய வடிவத்தில். அந்த சோர்ஸுக்கு முன்னோடி 1998-இன் ஹாஃப் லைஃப் இன்ஜின், அதுவோ 1996-இன் குவேக் இன்ஜினை வாங்கி மாற்றியது. இத்தனை தலைமுறை தாண்டியும் வம்சம் அறுபடவில்லை. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை முதலில் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி கணக்கில் இருந்த ஊர். ராஜாவும் போய் அவர் நாணயமும் போன பிறகும் எங்கள் ஆச்சி சில்லறையைச் சக்கரம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கேம் செய்கிறவர்களின் சண்டை வேறு, அதில் காசுதான் பேசும். 2023 செப்டம்பரில் யூனிட்டி, கேம் இன்ஸ்டால் ஆகும் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் என்று அறிவித்ததும் சின்னக் கம்பெனிகள் கொதித்தன. சிலர் இலவசமான, மூல நிரல் திறந்த கோடோ இன்ஜினுக்கு மாறினார்கள். ஒரு வருடம் கழித்து 2024 செப்டம்பரில் அந்தக் கட்டணத்தையே ரத்து செய்தார்கள். நிழல் எவ்வளவு அழகு என்று அந்த வருடம் அவர்களில் யாரும் பேசியிருப்பார்கள் என்று தோன்றவில்லை.

இத்தனையும் சொல்லி முடிப்பதற்குள் டீ ரெண்டு ரவுண்டு வந்துவிட்டது. புனலூர்ப் பையன் விடவில்லை. "செரி சேட்டா, அப்போ எப்படித்தான் ஒத்துப் பார்க்கிறது?" என்றான். ஒரே மாடல் போன் இரண்டு, ஒரே சார்ஜ், ஒரே வெளிச்சம், ஒரே செட்டிங்ஸ், பவுச் இல்லாமல், சார்ஜர் இல்லாமல், அரை மணி நேரம். அப்போதும் தெரிவது இந்தப் போனில் இந்த ரெண்டு கேமும் எப்படி ஓடுகின்றன என்பதுதான், இன்ஜினின் ஜாதகம் தெரியாது. சரி என்று ரெண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். சர்வீஸ் முடிந்து எனக்கே மிச்சமிருந்த ஒரே மாடல் போன் ரெண்டை எடுத்துக் கொடுத்தேன். ஒன்றில் அன்ரியலின் பிஜிஎம்ஐ, இன்னொன்றில் யூனிட்டியின் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ். பெஞ்சைச் சுற்றிக் கூட்டம்.

அரை மணி நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தால் ரெண்டும் ஜில்லென்று இருந்தன. ஒரு பிரேம்கூட விழவில்லை. புளியரைப் பக்கமிருந்து ஒரு வெறி பிடித்த சாரல் காற்று திண்ணை வரை ஏறி அடித்துக்கொண்டிருந்தது.

"இது கணக்கில்ல சேட்டா" என்றான் புனலூர்க்காரன், ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு. "சித்திரையில திரும்பி வாரேன்."