அறுவடை வண்டியில் வயர்லெஸ்: பொருத்துவது, பேசுவது, பழுது பார்ப்பது

ஒரே ஒரு அறுவடை மிஷின் வைத்திருப்பவருக்குச் செல்போன் போதும். நாலு பெல்ட் வண்டி (டயருக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் அறுவடை மிஷின்), ஆறேழு டிராக்டர், டீசல் கொண்டுபோகும் பிக்கப், கொள்முதல் நிலையத்து வாசலில் காத்துக் கிடக்கும் லாரி என்று தொழில் விரிந்தால்தான் வயர்லெஸுக்கு வேலை வரும். தை, மாசியில் மன்னார்குடி, நீடாமங்கலம், திருவாரூர் வட்டாரம் முழுக்கச் சம்பாவும் தாளடியும் அடுத்தடுத்து அறுப்புக்கு வரும். மேகம் கட்டும்போது எந்த வயலை முதலில் முடிப்பது என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போன் போட்டுக்கொண்டிருக்க முடியாது. மைக்கை ஒருமுறை அழுத்தினால் எல்லா வண்டிக்கும் கேட்கும்.

செட் வாங்கும் முன் லைசென்ஸைப் பாருங்கள். 25 அல்லது 45 வாட் வண்டி செட்டுகளை, மத்திய தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு அதிர்வெண் ஒதுக்கி உரிமம் தந்த பிறகுதான் இயக்கலாம். விண்ணப்பம் ‘சரல் சஞ்சார்’ இணையதளம் வழியாகப் போகிறது. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும் குறைந்த சக்தி வாக்கிடாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. ஒரு வயலுக்குள், ஒரு களத்துக்குள் பேச அது சரி, ஊர் விட்டு ஊர் எட்டாது. பட்டனை அமுக்கி எந்த அதிர்வெண்ணையும் போட்டுக்கொள்ளும் மலிவு செட்டுகளைத் தொடவே வேண்டாம். தெரியாமல் போலீஸ், தீயணைப்புச் சேனலில் போய் விழுந்தால் செட்டும் போகும், வழக்கும் வரும். ஒதுக்கிய அதிர்வெண்ணை டீலரே புரோகிராம் செய்து பூட்டிக் கொடுக்கட்டும்.

திறந்த வயல்வெளிக்கு 136–174 மெகாஹெர்ட்ஸ் வி.எச்.எஃப். செட்தான் பொருத்தம். வாட்டுக்கு மட்டும் ஆசைப்படாதீர்கள். நம் சமவெளியில் தூரத்தை முதலில் தீர்மானிப்பது ஆண்டெனாவின் உயரம். மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 4.1-ஆல் பெருக்கினால் அந்த ஆண்டெனாவின் அடிவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். ஆபீஸ் மாடியில் 20 மீட்டர் உயரத்தில் ஆண்டெனா இருந்தால் சுமார் 18 கி.மீ.; வண்டியின் 3 மீட்டர் ஆண்டெனாவுக்கு 7 கி.மீ.; இரண்டும் சேர்ந்து 25. வண்டிக்கு வண்டி பேசினால் கணக்கில் 14. மூங்கில் கொத்தும் தென்னந்தோப்பும் குறுக்கே வந்தால் இரண்டுமே குறையும். 25 வாட்டை 50 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான் (டெசிபல் என்பது சிக்னல் பலத்தின் அளவு), அது சொற்பம். கம்பத்தை ஐந்து மீட்டர் உயர்த்துவது பெரும்பாலும் அதைவிட லாபம்.

கரண்ட்

இந்த செட்டுகள் 13.6 வோல்ட் டி.சி.க்குச் செய்தவை. 45 வாட் செட் பேசும்போது 10 முதல் 12 ஆம்பியர் வரை இழுக்கும். எனவே சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலோ, ஹாரன் வயரிலோ ஒட்டுப் போடாமல் பேட்டரி முனையிலிருந்தே தனி வயர் இழுக்க வேண்டும். செட்டோடு வந்த வயரையே பயன்படுத்துங்கள்; 15 ஆம்பியர் ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு ஜாண் தூரத்துக்குள் இருக்கட்டும். ஃபியூஸை செட் பக்கம் மாட்டினால், வழியில் வயர் உரசி பாடியில் பட்டதும் தீப்பிடிக்கும்; ஃபியூஸ் சும்மா வேடிக்கை பார்க்கும்.

லாரியில் 24 வோல்ட். அங்கே பலர் செய்யும் வேலை, இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுப்பது. செட் ஓடும். ஆனால் அந்த ஒரு பேட்டரி எப்போதும் குறைவாகவே சார்ஜ் ஆகும், மற்றது அளவுக்கு மீறி ஏறும். சீக்கிரமே இரண்டும் போய்விடும். 24-லிருந்து 13.8-க்கு இறக்கும், 15 ஆம்பியர் தொடர்ந்து தாங்கும் கன்வெர்ட்டர் போடுவதுதான் முறை.

செட்டை அணைக்காமல் விட்டால் சும்மா இருக்கும்போதே அரை ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாகக் குடிக்கும். மழைக்கு நாலு நாள் வண்டி வயலோரம் நின்றால் 80 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் பாதி தீர்ந்துவிடும், செல்ஃப் எடுக்காது. இன்னொன்று: வயலில் வைத்து வெல்டிங் அடிப்பது அடிக்கடி நடக்கும். ராடு தொடும் முன் செட்டின் கரண்ட் வயரையும் ஆண்டெனா வயரையும் கழற்றிவிடுங்கள்.

ஆண்டெனா

கால் அலை ஆண்டெனாவின் (ரேடியோ அலையின் நீளத்தில் கால் பங்கு உள்ள கம்பி) நீளம் செ.மீ.யில் வேண்டுமானால் 7,125-ஐ உங்கள் மெகாஹெர்ட்ஸால் வகுங்கள். 150-க்கு 47.5 செ.மீ. கொஞ்சம் நீளமாகவே வாங்கி, எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை (ஆண்டெனாவுக்குப் போகும் சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டுவது) பார்த்து இரண்டு மூன்று மில்லிமீட்டராக வெட்டுங்கள். வெட்டியது திரும்ப வராது.

ஜீப், பிக்கப் என்றால் கூரையின் நடுவில் வையுங்கள். கூரைத் தகடுதான் ஆண்டெனாவின் மறுபாதி. ஓரத்தில் மாட்டினால் ஒரு பக்கம் நன்றாகவும் இன்னொரு பக்கம் மங்கலாகவும் போகும். அறுவடை வண்டியில் பிரச்சினை வேறு. ஓட்டுநர் தலைக்கு மேல் இருப்பது பெரும்பாலும் ஃபைபர் அல்லது தார்ப்பாய். அதன்மேல் மேக்னெட் அடி வைத்த ஆண்டெனா ஒட்டாது. ஒட்ட வைத்தாலும் அடியில் தகடு இல்லாமல் கால் அலை ஆண்டெனா சரியாக வேலை செய்யாது. கூரை சட்டத்தின்மேல் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் இரும்புத் தகடு அடித்து அதன் நடுவில் மாட்டலாம். அவ்வளவு தகட்டுக்கு இடமில்லையென்றால் தகடு தேவைப்படாத அரை அலை ஆண்டெனா கேளுங்கள். நீளம் மட்டும் ஒரு மீட்டருக்குக் கிட்ட வரும்.

நீளத்தில் கவனம் தேவை. வயலுக்குக் குறுக்கே தொய்ந்து கிடக்கும் மின்கம்பிகள் நமக்குப் புதிதில்லை. மூன்று மீட்டர் வண்டியின்மேல் 1.2 மீட்டர் ஆண்டெனா நின்றால் கம்பியைத் தொட அதிகம் வேண்டாம். லாரிக்கும் பிக்கப்புக்கும் நீளமான ஆண்டெனா போடலாம். பெல்ட் வண்டிக்குத் தகட்டோடு கால் அலையே போதும். அரை அலைதான் வழி என்றால் மடக்கி வைக்கும் பட்டையோடு வாங்கி, கம்பி தெரிந்தாலே மடக்கிவிட வேண்டும்.

கேபிள் 50 ஓம், ஐந்து மீட்டருக்குள். மீதியைச் சுருட்டி சீட்டுக்கடியில் திணிக்காமல் அளவாக வெட்டி கனெக்டர் போடுங்கள். எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரில் 1.5-க்குள் இருந்தால் நல்லது. 2 என்றால் சக்தியில் 11 சதவீதம் திரும்பி வருகிறது. 3 என்றால் 25 சதவீதம். அந்த நிலையில் பல செட்டுகள் தாமே வாட்டைக் குறைத்துக்கொள்ளும். நாகை, வேதாரண்யம் பக்கம் ஓடும் வண்டியில் கனெக்டருக்குள் உப்புக்காற்று ஏறிப் பச்சை பூக்கும். பொருத்தியதும் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் ஒரு சுற்று, அதன்மேல் சாதா டேப் ஒரு சுற்று.

தனி ஸ்பீக்கர் மாட்டும்போது அதன் ஒரு வயரை பாடியில் எர்த் செய்யாதீர்கள். பல செட்டுகளில் இரண்டு வயரிலுமே கரண்ட் இருக்கும். பாடியில் பட்டால் ஆடியோ ஐ.சி. எரியும்.

பேச்சு

பட்டனை அழுத்தும் முன் கேளுங்கள். சேனல் காலியா என்று பாருங்கள். அழுத்தி ஒரு விநாடி விட்டுப் பேசுங்கள். ரிப்பீட்டர் (உயரத்தில் நின்று பேச்சை வாங்கித் திரும்ப அனுப்பும் செட்) வழியாகப் போகும்போது அது விழித்துக்கொள்ள அந்த விநாடி தேவை, இல்லாவிட்டால் முதல் சொல் வெட்டுப்படும். மைக் வாயிலிருந்து மூன்று விரல் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில். மிஷின் சத்தத்துக்காகக் கத்தினால் குரல் கரகரத்துத்தான் போகும். மைக்கைக் கிட்டக் கொண்டுவந்து சாதாரணமாகப் பேசினால் தெளிவாக இருக்கும்.

கூப்பிடப்படுபவர் பெயர் முதலில், உங்கள் பெயர் பிறகு. ஆள் பெயரைவிட வண்டிப் பெயரே நல்லது. டிரைவர் மாறினாலும் அது மாறாது.

“கண்ட்ரோல், கண்ட்ரோல், பெல்ட் மூணு.”

“பெல்ட் மூணு, சொல்லுங்க.”

“கோயில் குளத்துக்குத் தெக்கே, மதகுகிட்ட நிக்கிறோம். டீசல் நூறு லிட்டர் வேணும், ஒண்ணு சைபர் சைபர். நாலு மணிக்குள்ள. ஓவர்.”

“ஒண்ணு சைபர் சைபர் லிட்டர், நாலு மணிக்குள்ள. பிக்கப்ல அனுப்புறேன். ஓவர்.”

“சரிங்க. அவுட்.”

எண்ணைச் சொல்லிவிட்டு இலக்கம் இலக்கமாகத் திரும்பச் சொல்வது வீண் வேலை இல்லை. ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் மூன்றும் இரைச்சலில் ஒன்றையொன்று விழுங்கும். நெல்லை ‘மூட்டை’ என்று சொல்லாமல் சிப்பக் கணக்கில் சொன்னால் நிலையத்துக் கணக்கோடு ஒத்துப்போகும். சிப்பம் 40 கிலோ, மூட்டை இடத்துக்கு இடம் மாறும். ஒரே பெயரில் நாலு ஊர் உள்ள வட்டாரம் இது. ஊர்ப் பெயரோடு மதகோ, ரைஸ் மில்லோ ஒரு அடையாளம் சேருங்கள்.

கூலித் தகராறு, பணப் பேச்சு, விவசாயியின் கடன் விவரம் இவற்றுக்கு வயர்லெஸ் ஆகாது. அதே சேனல் வைத்திருக்கும் எவரும் கேட்கலாம். வண்டி ஓடும்போது டிரைவர் கையில் மைக் கூடாது. கிளீனர் பேசட்டும், தனியாக வந்தால் ஓரங்கட்டிப் பேசட்டும். டீசல் ஊற்றும்போது பட்டனைத் தொட வேண்டாம். ஆண்டெனாவைக் கையால் பிடித்தபடி ஒருவர் நிற்கும்போதும் அப்படியே, சுட்டுவிடும்.

எது கெடும், ஏன்

கேட்கிறது, ஆனால் நாம் பேசுவது போகவில்லை என்றால் முதலில் ஆண்டெனா கனெக்டர், அடுத்து பேட்டரி முனை. பட்டனை அழுத்தியதும் திரை மங்கி செட் அணைந்து எழுந்தால் வோல்டேஜ் விழுகிறது. துரு, தளர்ந்த கிளாம்ப், மெல்லிய வயர் மூன்றில் ஒன்று. எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ‘ங்ஙீ’ என்ற ஓசை எதிராளிக்குக் கேட்டால் ஆல்டர்னேட்டர் இரைச்சல். கரண்ட் பேட்டரியிலிருந்து நேராக வரவில்லை என்று அர்த்தம்.

யாருமே பேச முடியாமல் சேனல் அடைத்துக் கிடந்தால் ஒரு மைக் எங்கோ சீட்டுக்கும் தொடைக்கும் இடையில் அழுந்தியிருக்கிறது. எல்லா செட்டிலும் பச்சை விளக்கு எரியும், அந்த ஒன்றில் மட்டும் சிவப்பு. இதற்காகவே 60 விநாடியில் தானே வெட்டும் டைம்-அவுட்டை டீலரிடம் போடச் சொல்லுங்கள். பக்கத்தில் நிற்கும் வண்டிக்கு மட்டும் எட்டவில்லை, மற்றவர்களுக்குக் கேட்கிறது என்றால் அது பழுதல்ல. அத்தனை கிட்டத்தில் முழு வாட்டில் அடித்தால் எதிர் செட் திணறும், லோ பவருக்கு மாற்றுங்கள். கோடையில் கடலோரத்தில் விடியற்காலை தெரியாத குரல்கள் வந்தால் பயப்பட வேண்டாம். கடல்மேல் காற்று அடுக்கடுக்காக நிற்கும்போது அலைகள் வழக்கத்தைவிட வெகுதூரம் போகும். டோன் (நம் செட்டுகள் பேச்சோடு சேர்த்து அனுப்பும் அடையாள ஒலி) போட்ட சேனலில் இவை ஸ்பீக்கருக்கு வராது. ஆனால் டோன் அதை மறைக்கிறதே தவிர நீக்கவில்லை, எனவே பேசும் முன், டோன் இல்லாததையும் கேட்க வைக்கும் மானிட்டர் பட்டனை அழுத்திப் பாருங்கள்.

ஆபீஸ் செட்டுக்குத் தனி பேட்டரி வையுங்கள். நாளில் 5 சதவீத நேரம் பேச்சு, 5 கேட்பு, மீதி சும்மா என்று கணக்கிட்டால் சராசரி ஒரு ஆம்பியர்தான் ஆகும். 100 ஆம்பியர்-ஹவர் டியூபுலர் பேட்டரி இரண்டு மூன்று நாள் தாங்கும். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியபோது கரண்டும் செல்போன் டவரும் சேர்ந்தே போயின. அப்படி ஒரு நாளில் ரிப்பீட்டரும் படுத்துவிடும். எல்லா செட்டிலும் ரிப்பீட்டர் இல்லாத நேரடிச் சேனல் ஒன்று இருக்க வேண்டும், அது எத்தனையாம் எண் என்பது டிரைவர்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். உரிமத்தில் அந்தச் சேனலும் சேர்ந்திருக்கிறதா என்று விண்ணப்பிக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி தொடங்கினால் மாடி ஆண்டெனாவின் கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி ஜன்னலுக்கு வெளியே விட்டுவிடுங்கள். மின்னலைத் தரைக்குத் திருப்பும் அரெஸ்டர் போட்டிருந்தாலும் கூட.