பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் சருகு எரித்தால் என்ன செய்வது?

பங்குனி பிறந்தாலே தென்னையும் மாவும் நிற்கும் வீட்டுத் தோட்டங்களில் சருகும் மட்டையும் பன்னாடையும் குவிந்துவிடும். அவற்றை வேலியோரம் கூட்டித் தீ வைப்பது பலருக்கு நெடுநாள் பழக்கம். அண்டை வீட்டாரிடம் இதைப் பற்றிப் பேசும்போது புகையை முன்னிறுத்தினால், சற்று நேரம் சன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள் என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். தீ எதில் பற்றக்கூடும் என்பதைக் காட்டிப் பேசினால் அவ்வளவு எளிதாக முடிக்க இயலாது.

ஆகவே முதலில் உங்கள் பக்கத்தைச் சுற்றிப் பாருங்கள். கீற்றுக் கூரை, வைக்கோல் போர், வெளியே வைத்த எரிவாயு சிலிண்டர், மேலே செல்லும் மின்கம்பி, தென்னையில் தொங்கும் காய்ந்த மட்டை ஆகியவை எரிக்கும் இடத்திலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளன என்று குறித்துக்கொள்ளுங்கள். காய்ந்த பாளையும் பன்னாடையும் எரியும்போது கங்குகள் காற்றோடு எழும்பி வெகுதூரம் செல்லும். கடலோர ஊர்களில் பகல் ஏறியதும் கடற்காற்று எழுவதால், காலையில் அடங்கி எரிந்த குவியல் பிற்பகலில் வேறு பக்கம் சீறக்கூடும். நீர் ஊற்றிக் கிளறாமல் விட்ட குவியலோ சொல்லுக்குச் சொல் நீறு பூத்த நெருப்புதான்.

தீ எரிந்துகொண்டிருக்கும்போது மதிலுக்கு மேல் குரல் கொடுக்காதீர்கள். மறுநாள் நேரில் சென்று, ஆபத்தான இடங்களைச் சுட்டிக்காட்டி அமைதியாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவர் தீய எண்ணத்தில் எரிப்பதில்லை. குவியலை வேறு என்ன செய்வதென்று தெரியாமலோ, கூலி ஆள் கிடைக்காமலோ எரிக்கிறார். அதனால் மாற்று வழியையும் கையோடு கொண்டு செல்வது நல்லது. சருகைத் தென்னம்பாத்தியில் மூடாக்காகப் பரப்பினால் வெயில் காலத்தில் மண்ணின் ஈரம் காக்கப்படும். மட்டைகளைத் துண்டு துண்டாக வெட்டி அதன்மேல் போடலாம். இடம் இருந்தால் ஒரு குழியில் சருகை அடுக்கடுக்காகப் போட்டு, இடையிடையே சாணக் கரைசல் தெளித்து, ஈரம் குறையாமல் அவ்வப்போது புரட்டிவந்தால் சில மாதங்களில் உரமாகிவிடும். மட்டை வெட்டும் கூலியில் பாதியை நீங்கள் ஏற்பதாகச் சொல்வது, வழக்குச் செலவோடு பார்த்தால் மிக மலிவு.

பேசியும் பயனில்லையென்றால், உங்கள் இடத்தில் நின்றபடியே தேதி தெரியும் வகையில் படம் எடுத்து வையுங்கள். திறந்த வெளியில் கழிவு எரிப்பதைத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் தடை செய்து, சாதாரண எரிப்புக்கு 5,000 ரூபாயும் பெருமளவு எரிப்புக்கு 25,000 ரூபாயும் செலுத்தவேண்டும் என உத்தரவிட்டது. உள்ளாட்சி அமைப்புக்குத் தரும் மனுவில் இதைக் குறிப்பிடுங்கள். சென்னை மாநகராட்சிக்கு 1913 என்ற எண்ணிலும், மற்ற ஊர்களில் முதலமைச்சர் உதவி மையத்தின் 1100 என்ற எண்ணிலும் புகார் செய்யலாம்.

மனித உயிருக்கு ஆபத்து நேரும் வகையில் நெருப்பை அலட்சியமாகக் கையாள்வது பாரதிய நியாய சன்ஹிதா என்னும் தண்டனைச் சட்டத்தின் 287ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கத்தக்க குற்றம். இருப்பினும் காவல் நிலையத்தைவிட, பொதுத் தொல்லையை அகற்ற ஆணையிடும் அதிகாரம் கொண்ட வருவாய்க் கோட்டாட்சியரிடம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 152ஆம் பிரிவின்கீழ் மனு அளிப்பதே, என் கருத்தில், தொடர்ந்து நடக்கும் எரிப்புக்குப் பொருத்தமான வழி. பாதிக்கப்படும் மற்ற வீட்டாரும் சேர்ந்து கையெழுத்திட்டால் மனு வலுப்பெறும்.

தீ கைமீறினால் இந்த வரிசையெல்லாம் பொருந்தாது. உடனே 101 அல்லது 112 எண்ணை அழையுங்கள். வீட்டாரை வெளியேற்றி, கால்நடைகளை அவிழ்த்துவிடுங்கள். நேரமிருந்தால் மட்டும் உங்கள் கூரையை நனையுங்கள். மதில் தாண்டிச் சென்று அணைக்க முயல வேண்டாம்.