மார்மன் தீர்க்கதரிசன விமர்சனங்கள்: பதில் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையை, அதாவது மார்மன் சபையைப் பற்றிக் கேள்வி கேட்கிறவர்கள் எல்லோரும் வம்புக்கு வருகிறவர்கள் அல்ல. பலர் சபைக்குள்ளேயே வளர்ந்தவர்கள். சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் உண்மையான தீர்க்கதரிசிதானா என்ற விமர்சனம் எதையோ படித்துவிட்டு மனம் கலங்கிக் கேட்கிறார்கள். அவர்களுக்கு அவசரப்பட்டுச் சொல்லும் அரைகுறைப் பதில், அந்த விமர்சனத்தைவிட அதிகமாக அவர்களைக் காயப்படுத்திவிடும். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூலத்தைப் படிக்காமல் வாதாடுவதுதான் முதல் தவறு. கனடா பயணத்தையே எடுத்துக்கொள்வோம். 1830 தொடக்கத்தில் சபையின் வேதநூலான மார்மன் புஸ்தகத்தின் அச்சுச் செலவு கழுத்தை நெரித்த நேரத்தில், கனடாவில் அதன் பதிப்புரிமையை விற்க ஜோசப் ஸ்மித்துக்கு ஒரு வெளிப்படுத்தல், அதாவது தேவனிடமிருந்து வந்ததாக அவர் சொன்ன செய்தி, வந்தது. அவருடைய உதவியாளர் ஆலிவர் கௌட்ரியும் வேறு சிலரும் கிங்ஸ்டன் வரை போய் வெறுங்கையோடு திரும்பினார்கள். ஆரம்பத்தில் உடனிருந்து, பிறகு சபையை விட்டு விலகிப் பல ஆண்டுகள் ஆன டேவிட் விட்மர் 1887இல் இதைப் பற்றி எழுதினார். ஏன் தோற்றோம் என்று ஜோசப் ஸ்மித் தேவனிடம் கேட்டபோது, "சில வெளிப்படுத்தல்கள் தேவனுடையவை, சில மனிதனுடையவை, சில பிசாசுடையவை" என்று பதில் வந்ததாக அவர் சொன்னார். அதற்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் இரு தரப்பும் அவருடைய நினைவை வைத்தே மல்லுக்கட்டின.

2009இல் ஜோசப் ஸ்மித் ஆவணத் தொகுப்பில் அந்த வெளிப்படுத்தலின் கையெழுத்துப் பிரதியே வெளியானது. மக்கள் தங்கள் இருதயத்தைக் கடினப்படுத்தாவிட்டால் விற்கலாம் என்று அதில் ஒரு நிபந்தனை இருந்தது. இதனால் விவாதம் முடிந்துவிடவில்லை. நடக்காத காரியத்துக்கு ஏன் அனுப்ப வேண்டும் என்று இன்றும் கேட்கலாம். ஆனால் இப்போது கேட்கிறவரும் பதில் சொல்கிறவரும் ஒரே வரியைப் பார்த்துப் பேச முடிகிறது.

அடுத்தது, பலமான சான்று கையில் இருக்கிறது என்று அதை ஊதிப் பெரிதாக்குவது. அமெரிக்க உள்நாட்டுப் போரை ஜோசப் ஸ்மித் முன்னறிவித்தார் என்பது சபையாரின் விருப்பமான வாதம். 1832 டிசம்பர் 25 தேதியிட்ட அந்த வெளிப்படுத்தல், சபையின் வெளிப்படுத்தல்களைத் தொகுத்த கோட்பாடும் உடன்படிக்கைகளும் நூலில் 87ஆம் பிரிவாக இருக்கிறது. தென் கரோலினாவின் கலகத்தில் போர் தொடங்கும், தென் மாநிலங்கள் பிரிட்டனின் உதவியை நாடும் என்கிறது. 1851இல் லிவர்பூலில் அச்சேறியும்விட்டது. போரின் முதல் குண்டு 1861 ஏப்ரலில் அதே தென் கரோலினாவில், சம்டர் கோட்டையில்தான் வெடித்தது. ஆக, போர் முடிந்தபின் எழுதிச் சேர்த்தது என்ற குற்றச்சாட்டு நிற்காது.

ஆனால் "யாருக்குமே தெரியாததைச் சொன்னார்" என்று நீட்டினால் மாட்டிக்கொள்வீர்கள். மத்திய அரசின் சுங்கவரிச் சட்டம் தன் எல்லைக்குள் செல்லாது என்று தென் கரோலினா 1832 நவம்பர் 24 அன்றே தீர்மானம் போட்டிருந்தது. அந்த டிசம்பரில் நாட்டின் பத்திரிகைகள் எங்கும் அதே பேச்சுதான். இதை முதலில் நீங்களே சொல்லிவிடுங்கள். அந்தச் சிக்கல் 1833 மார்ச்சில் சமரசமாகத் தீர்ந்தது, போர் வந்தது 28 ஆண்டு கழித்து என்பதை அப்புறம் சொன்னால் கேட்கிறவர் காது கொடுப்பார். பிரிட்டனைத் தொடர்ந்து போர் சகல தேசங்கள்மேலும் பரவும் என்று அதே பிரிவில் வரும் வரியையும் மறைக்கக் கூடாது.

நிறைவேறாத தீர்க்கதரிசனம் எல்லாவற்றுக்கும் வேதாகமத்தின் யோனாவை இழுப்பதும் பழகிப்போன ஒன்று. நினிவே அழியும் என்றார், மக்கள் மனந்திரும்பினார்கள், அழியவில்லை. எரேமியா 18ஆம் அதிகாரமும் இந்த நியதியைச் சொல்கிறது. சரிதான். ஆனால் மிசௌரியின் இண்டிபெண்டன்ஸில் இந்தத் தலைமுறை முழுதும் கடந்துபோகுமுன் ஆலயம் கட்டப்படும் என்ற 1832 செப்டம்பர் வெளிப்படுத்தலில் அப்படி வெளிப்படையான நிபந்தனை இல்லை. 1833இல் சபையார் ஜாக்சன் கவுண்டியிலிருந்து துரத்தப்பட்டார்கள். எதிரிகள் தடுத்தால் அந்த வேலையைத் தேவன் மேற்கொண்டு கேட்பதில்லை என்று 1841இல் வந்த இன்னொரு வெளிப்படுத்தல் சொல்கிறது. பதில் வேண்டுமென்றால் இதைக் காட்டுங்கள். இது எட்டு ஆண்டுக்கு மேல் கழித்து வந்த விளக்கம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

எகிப்திய பாபிரஸிலிருந்து மொழிபெயர்த்ததாக ஜோசப் ஸ்மித் சொன்ன ஆபிரகாம் புத்தகம்தான் இருப்பதிலேயே கடினமானது. 1835இல் ஓஹியோவின் கர்ட்லண்டில் எகிப்திய மம்மிகளோடு பாபிரஸ் சுருள்களையும் வாங்கினார்கள். 1842இல் நூல் சபைப் பத்திரிகையில் வெளிவந்தது. தொலைந்துவிட்டதாக நினைத்த துண்டுகள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருப்பது தெரியவந்து, 1967 நவம்பரில் சபையிடம் வந்து சேர்ந்தன. எகிப்தியலாளர்கள் படித்துப் பார்த்தார்கள். இறந்தவரோடு வைக்கும் சடங்கு நூல் அது. ஆபிரகாமின் பெயரே இல்லை. அவருடைய காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது. துண்டுகளில் உள்ள எழுத்துகள் நூலோடு பொருந்தவில்லை என்பதைச் சபையே 2014 கட்டுரையில் ஒப்புக்கொள்கிறது. இன்னமும் அதை மறுத்துப் பேசுவது வீண்.

அங்கே இரண்டு விளக்கங்கள் உண்டு: தொலைந்துபோன வேறு சுருளில் அது இருந்திருக்கலாம், அல்லது பாபிரஸ் ஒரு தூண்டுதலாக மட்டும் இருந்து, நூல் வெளிப்படுத்தலாக வந்திருக்கலாம். வசதிக்கேற்ப ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதுதான் தவறு. தொலைந்த சுருள் என்று சொன்னால், நூலோடு அச்சான மூன்று படங்களுக்கு ஜோசப் ஸ்மித் தந்த விளக்கங்கள் என்னாகும்? அந்தப் படங்கள் அச்சில் இருக்கின்றனவே. தூண்டுதல் என்று சொன்னால், ஆபிரகாம் தன் கையாலேயே பாபிரஸில் எழுதியது என்ற தலைப்புக் குறிப்புக்குப் பதில் வேண்டும். எதைத் தேர்ந்தாலும் அதன் பாரத்தையும் சுமக்கத்தான் வேண்டும். எனக்கு இங்கே முழுத் திருப்தியான பதில் கிடைத்ததில்லை. விசுவாசத்தோடு இருப்பவர் அப்படிச் சொல்வதில் எந்தக் குறைவும் இல்லை.

கடைசியாக, தலைவர்கள் பேசிய ஒவ்வொன்றையும் வேதமாக்கிக் காப்பாற்றப் பார்ப்பது. தீர்க்கதரிசி அந்த ஊழியத்தில் பேசும்போது மட்டுமே தீர்க்கதரிசி என்று ஜோசப் ஸ்மித்தே 1843இல் சொல்லியிருக்கிறார். கறுப்பின ஆண்களுக்கு ஆசாரியத்துவம், அதாவது சபையில் சடங்குகளை நடத்தும் அதிகாரம், மறுக்கப்பட்டதற்குப் பல தலைவர்கள் காரணம் கற்பித்தார்கள். 1978இல் தடை நீங்கியதும், அவர்களில் ஒருவரான புரூஸ் மெக்கான்கி, தான் சொன்னதையும், ஜோசப் ஸ்மித்துக்குப் பின் சபையை நடத்திய பிரிகாம் யங் சொன்னதையும் மறந்துவிடுங்கள் என்றார். 2013இல் சபை அந்தக் காரணங்களை வெளிப்படையாகவே கைவிட்டது. அவற்றை இன்றும் தாங்கிப் பிடித்து வாதாடுகிறவர் சபைக்காகப் பேசவில்லை. அதைக் கேட்கும் கறுப்பினச் சகோதரருக்கு அது புதிதாக வலிக்கிறது.