அமெரிக்காவில் வணிகக் கட்டடம்: எரிசக்தி சேமிப்புக்குக் கிடைக்கும் பணத்தைத் தேடுவது எப்படி?

அமெரிக்காவில் சொந்தமாக ஒரு கிளினிக்கோ, ஓட்டலோ, அலுவலகமோ கட்ட நினைக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். கூரைக்கு நல்ல இன்சுலேஷன், தரமான கண்ணாடி, ஹீட் பம்ப் (சூடும் குளிரும் இரண்டும் தரும் மின் இயந்திரம்) என்று போனால் கட்டுமானச் செலவு கூடத்தான் செய்யும். அந்தக் கூடுதலில் ஒரு பங்கை மின்சார கம்பெனி, மாநிலம், நகராட்சி, மத்திய வருமான வரி என்று நாலு பக்கமிருந்தும் திரும்பப் பெற வழி உண்டு. ஆனால் யாரும் உங்களைத் தேடி வந்து தர மாட்டார்கள். பல திட்டங்களில் விண்ணப்பம் முதலில், கொள்முதல் அப்புறம். சாமானை வாங்கி மாட்டிவிட்டு ரசீதோடு போய் நின்றால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். அதனால் கீழே சொல்லியிருக்கும் வரிசை முக்கியம்.

படி 1: மின்சாரம் யாரிடமிருந்து வருகிறது?

எந்த மாநிலம் என்பதைவிட, அந்த மனைக்கு எந்தக் கம்பெனி மின்சாரமும் கேஸும் தருகிறது என்பதே முதல் கேள்வி. காரணம், கட்டடங்களுக்கான ரிபேட் (செலவில் ஒரு பங்கைத் திருப்பித் தருவது) பணத்தில் பெரும்பகுதி அந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர்கள் மாதாமாதம் பில்லோடு சேர்த்துக் கட்டும் சிறு தொகையிலிருந்து வருகிறது. கட்டியவர்களுக்குத்தான் அது திரும்பும்.

ஆரிகன் மாநிலத்தைப் பாருங்கள். 1999-இல் வந்த சட்டத்தின்படி பில்லில் ஒரு கட்டணம் சேர்க்கப்பட்டது. அதைச் செலவிட 'எனர்ஜி டிரஸ்ட் ஆஃப் ஆரிகன்' என்ற லாப நோக்கற்ற அமைப்பு 2002-இல் வேலையைத் தொடங்கியது. போர்ட்லேண்ட் ஜெனரல் எலெக்ட்ரிக், பசிஃபிக் பவர் போன்ற கம்பெனிகளின் வாடிக்கையாளர் என்றால் அங்கே போகலாம். அதே மாநிலத்தின் யூஜீன் நகரில் மின்சாரம் தருவது நகரத்துக்கே சொந்தமான அமைப்பு. மின்சார சேமிப்புக்கு நீங்கள் அவர்களிடம்தான் கேட்க வேண்டும். வெர்மான்ட்டில் 'எஃபிஷியன்சி வெர்மான்ட்', மாசசூசெட்ஸில் 'மாஸ் சேவ்', நியூயார்க்கில் 'நைசெர்டா', விஸ்கான்சினில் 'ஃபோகஸ் ஆன் எனர்ஜி' என்று ஒவ்வோர் இடத்திலும் ஒரு பெயர் இருக்கிறது.

காலி மனை என்றால் உங்களிடம் பில் இருக்காது. பக்கத்துக் கடைக்காரரைக் கேளுங்கள், அல்லது நகராட்சியின் கட்டட அனுமதிப் பிரிவில் கேளுங்கள். மின்சாரத்துக்கும் கேஸுக்கும் கம்பெனி வேறு வேறாக இருந்தால் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: டிசையர் தளத்தில் ஜிப் கோடு போட்டுத் தேடுங்கள்

டி.எஸ்.ஐ.ஆர்.இ. (DSIRE) என்ற ஐந்து எழுத்துகளைக் கூகுளில் தேடினால் முதலிலேயே வரும். நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகம் 1995 முதல் நடத்தும் இலவசத் தளம் இது. மத்திய அரசு, மாநிலம், உள்ளூர், மின்சார கம்பெனி என்று எல்லாச் சலுகைகளையும் ஒரே இடத்தில் திரட்டித் தருகிறது. ஜிப் கோடு போட்டு, வணிகக் கட்டடம் என்று வடிகட்டிப் பாருங்கள்.

இந்தப் பட்டியலைப் பெயர்கள் சேகரிக்க மட்டும் பயன்படுத்துங்கள். தொகை எவ்வளவு, பணம் இன்னும் மிச்சம் இருக்கிறதா என்பதை அந்தந்தத் திட்டத்தின் சொந்தத் தளத்தில்தான் உறுதிப்படுத்த வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நாலு விஷயம் போதும்: புதிய கட்டடத்துக்கு உண்டா, முன் அனுமதி தேவையா, கடைசித் தேதி எது, யாரிடம் பேச வேண்டும்.

படி 3: வரைபடம் முடிவாகும் முன் போன் செய்யுங்கள்

என்னைக் கேட்டால் மொத்தத்தில் இதுதான் பெரிய படி. மின்சார கம்பெனி ரிபேட்டுகள் பொதுவாக மூன்று வகை. முதலாவது, பொருளுக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த தொகை: ஒரு எல்.இ.டி. விளக்குக்கு இவ்வளவு, ஒரு டன் ஏசிக்கு இவ்வளவு. இரண்டாவது, எத்தனை யூனிட் மிச்சமாகிறது என்று கணக்கிட்டு, யூனிட்டுக்கு இவ்வளவு என்று தருவது. மூன்றாவது, முழுக் கட்டடத்தையும் கணினியில் மாதிரியாக அமைத்து, உள்ளூர் விதிப்படி கட்டியிருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும், உங்கள் வடிவமைப்பில் எவ்வளவு ஆகும் என்று ஒப்பிட்டுத் தருவது.

புதிதாகக் கட்டுபவர்கள் மூன்றாவது வகை இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். மேற்குச் சுவரில் கண்ணாடியைக் குறைத்து, ஜன்னலுக்கு மேல் நிழல் தரும் நீட்சி வைத்தால் வெயில் சூடு உள்ளே வருவது குறையும். அப்போது சின்ன ஏசியே போதும். அதன் குழாய்களும் சின்னதாகிவிடும். இப்படி ஒன்றிலிருந்து ஒன்றாக வரும் மிச்சத்தை, பொருளுக்கு இவ்வளவு என்ற திட்டம் கணக்கிலேயே எடுக்காது. முழுக் கட்டடத் திட்டம்தான் எடுக்கும். ஆனால் ஜன்னல் எங்கே என்பது முடிவான பிறகு கணினி மாதிரியால் பெரிதாக எதையும் மாற்ற முடியாது. சில திட்டங்கள் ஆரம்பகட்ட வடிவமைப்புக் கூட்டத்துக்கும் மாதிரிக் கணக்குக்குமே பணம் தருகின்றன. ஆர்க்கிடெக்ட்டோடு ஒப்பந்தம் போடும்போதே 'ரிபேட் விண்ணப்பத்துக்கான வேலையும் இதில் அடங்கும்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

படி 4: 179டி பற்றி உங்கள் சிபிஏவிடம் (வரிக் கணக்காளரிடம்) கேளுங்கள்

மத்திய வரிச் சட்டத்தின் 179டி பிரிவு 2005-இல் வந்தது. விளக்கு, ஏசி மற்றும் வெந்நீர் அமைப்பு, சுவர் கூரை ஜன்னல் ஆகியவற்றின் மூலம் எரிசக்திச் செலவை, ஒப்பீட்டுக்கு எடுக்கும் ஒரு மாதிரிக் கட்டடத்தைவிடக் குறைந்தது 25 சதவீதம் குறைத்தால் சதுர அடிக்கு இவ்வளவு என்று வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். தேதியை முதலில் பாருங்கள்: 2025 ஜூலை 4-இல் கையெழுத்தான சட்டத்தின்படி, 2026 ஜூன் 30-க்குப் பிறகு கட்டுமானம் தொடங்கும் கட்டடங்களுக்கு இது கிடையாது. அதற்கு முன் தொடங்கியிருந்தால், தொடங்கிய தேதிக்கான ஆதாரத்தைப் பத்திரமாக வையுங்கள்.

சட்டத்தில் உள்ள அடிப்படைத் தொகை 25 சதவீதச் சேமிப்புக்கு சதுர அடிக்கு 0.50 டாலர். அதற்கு மேல் ஒவ்வொரு சதவீதத்துக்கும் 0.02 கூடி, 50 சதவீதத்தில் 1 டாலரில் நிற்கும். கட்டுமானத் தொழிலாளர்களுக்கு அந்தப் பகுதியின் நிர்ணயிக்கப்பட்ட கூலி தந்து, வேலையில் ஒரு பங்கைப் பயிற்சித் தொழிலாளர்களுக்குத் தர வேண்டும் என்ற விதியையும் கடைப்பிடித்தால் இது 5 மடங்கு. பணவீக்கத்துக்கு ஏற்ப ஆண்டுதோறும் சற்று ஏறும்.

20,000 சதுர அடிக் கட்டடம், 30 சதவீதச் சேமிப்பு என்று வையுங்கள். சதுர அடிக்கு 0.60, மொத்தம் 12,000 டாலர். கூலி விதியைக் கடைப்பிடித்தால் 60,000. புதியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்: இது டிடக்‌ஷன், கிரெடிட் இல்லை. அதாவது வரி போடும் வருமானம்தான் குறையும், கட்ட வேண்டிய வரியே நேரடியாகக் குறையாது. 60,000 டாலர் கையில் வராது. 21 சதவீத வரி கட்டும் கார்ப்பரேஷனுக்கு 12,600 டாலர் வரி குறையும். அதுவும்கூட, 39 ஆண்டுகளில் தேய்மானமாகக் கழிக்க வேண்டியதை முன்கூட்டியே கழிப்பதுதான். செலவழித்த தொகைக்கு மேல் கழிக்கவும் முடியாது. கட்டடத்தைச் சோதித்துச் சான்று தர, உங்களுக்குச் சம்பந்தமில்லாத உரிமம் பெற்ற பொறியாளரோ காண்ட்ராக்டரோ வேண்டும். அவர் கட்டணத்தையும் கழித்துவிட்டு லாபமா என்று பாருங்கள். சின்னக் கட்டடத்துக்குப் பல நேரம் கட்டுப்படியாகாது.

கோயில், தமிழ்ப்பள்ளி கட்டும் அமைப்புகள் இந்தப் பத்தியை விட்டுவிட வேண்டாம். வரி கட்டாத அமைப்புக்கு டிடக்‌ஷனால் பயனில்லை. ஆனால் 2023 முதல் அத்தகைய அமைப்புகள் இந்த உரிமையைக் கட்டடத்தை வடிவமைத்தவருக்கு எழுத்து மூலம் ஒதுக்கித் தரலாம். ஆர்க்கிடெக்ட்டுக்கு இது தேய்மானத்தை முன்கூட்டி எடுப்பதில்லை, முழு லாபம். கட்டணம் பேசும்போது குழு இதையும் சேர்த்துப் பேசுவது நியாயமே.

படி 5: சோலார், நிலவெப்ப ஹீட் பம்ப்

இவற்றுக்கு உள்ளது கிரெடிட், அதாவது கட்ட வேண்டிய வரியிலேயே நேரடியாகக் குறைவது. 1 மெகாவாட்டுக்குக் குறைவான அமைப்புக்குச் செலவில் 30 சதவீதம். சோலாருக்கு, 2026 ஜூலை 4-க்குள் வேலை தொடங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் 2027 முடிவதற்குள் இயக்கத்துக்கு வர வேண்டும். நிலவெப்ப ஹீட் பம்ப்புக்கு அந்த அவசரம் இல்லை.

படி 6: நகராட்சியும் கடனும்

சில ஊர்கள் பணத்துக்குப் பதில் வேறு விதமாகத் தருகின்றன. வர்ஜீனியாவின் ஆர்லிங்டன் கவுண்டி, பசுமைச் சான்று பெறும் கட்டடங்களுக்குக் கூடுதல் பரப்பு கட்ட அனுமதிக்கிறது. சின்சினாட்டியில் லீட் என்ற பசுமைக் கட்டடச் சான்று பெற்றால் சொத்து வரியில் சலுகை உண்டு. நகரத் திட்டமிடல் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

சி-பேஸ் என்று ஒன்றைச் சொல்வார்கள். அது கடன். சொத்து வரியோடு சேர்த்து நீண்ட காலம் திருப்பிக் கட்டுவது. கட்டடத்தை விற்றால் பாக்கி பொதுவாகக் கட்டடத்தோடே போகும். ஏற்கெனவே அடமானக் கடன் இருந்தால் பெரும்பாலும் அந்த வங்கியின் சம்மதம் வேண்டும். அதை முதலிலேயே கேளுங்கள்.

படி 7: கோப்பு

முன் அனுமதிக் கடிதம், பொருளின் மாடல் எண் உள்ள ரசீதுகள், கணினி மாதிரி அறிக்கை, கூலிப் பதிவேடு, கட்டும்போது எடுத்த படங்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். சுவரை மூடிய பிறகு இன்சுலேஷனைப் படமெடுக்க முடியாது. காண்ட்ராக்டர் வேறு மாடலை மாட்டப் போவதாகச் சொன்னால், சம்மதிக்கும் முன் ரிபேட் திட்டத்துக்கு எழுதிக் கேளுங்கள். மாடல் மாறினால் தொகையும் மாறலாம். ரிபேட் வந்ததும் சிபிஏவிடம் சொல்லுங்கள். வரிக் கணக்கில் கட்டடச் செலவை அந்த அளவுக்குக் குறைத்துக் காட்ட வேண்டியிருக்கலாம். கடைசி ஆய்வு முடிந்த பின் ஆவணங்களை அனுப்ப ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனிக் கெடு இருக்கும். திறப்பு விழா வேலையில் அது தவறிப்போகாமல், காலண்டரில் இப்போதே குறித்து வையுங்கள்.