டேப் லூப்பில் வந்த 'டொக்'

பழைய ஸ்பூல் டேப் மெஷினில் ஒரு வீணை மீட்டல் பதிவான டேப்பின் இரு முனைகளையும் ஒட்டி, வளையமாக (லூப்பாக) சுற்றவிட்டு, பாட்டுக்கு அடித்தளமாக வைக்க நினைத்தேன். நொடிக்கு 19 செ.மீ. வேகம், 76 செ.மீ. டேப், 4 நொடிக்கு ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒட்டு கடக்கும்போது 'டொக்' என்று ஒரு சத்தம்.

முதலில் டேப்பைப் படிக்கும் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்தேன். பயனில்லை. ஒட்டை 45 டிகிரி சாய்வில் பிளேடால் வெட்டி, பின்பக்கம் புது ஸ்ப்ளைசிங் டேப் (முனைகளை இணைக்கும் ஒட்டு நாடா) ஒட்டினேன். அதே டொக். டேப்பின் இழுவிசையை மாற்றிப் பார்த்ததில் சுருதி ஆடியதுதான் மிச்சம். இப்படியே மூன்று நாள் போனது.

அப்புறம் ஒரு வெற்று டேப்பை வெட்டி லூப்பாக்கினேன். அதிலும் டொக்! அதன்மேல் வெறும் நிசப்தத்தைப் பதிவு செய்ததும் சத்தம் மறைந்துவிட்டது. ஒட்டு மேடாக இருந்து இடித்திருந்தால் மறையாதே. அப்படியென்றால் டேப்பிலேயே ஏதோ பதிவாகியிருக்கிறது.

பிளேடைக் குண்டூசிக்கு அருகே கொண்டுபோனேன். ஊசி தாவி ஒட்டிக்கொண்டது. ஸ்பீக்கர் காந்தத்தின் பக்கத்திலேயே பிளேடை வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அது வெட்டிய இடத்திலெல்லாம் காந்தத் தடம் விட்டிருக்கிறது; அதைத்தான் ஹெட் 'டொக்' என்று படித்திருக்கிறது.

காந்தத்தை நீக்கும் கருவியான ஹெட் டீமேக்னடைசரைப் பிளேடின்மேல் ஓட்டி, கை நீளத்துக்கு மெதுவாக விலக்கிய பிறகே அணைத்தேன். பக்கத்தில் வைத்தே அணைத்தால் மறுபடி காந்தமேறிவிடும். ஒட்டின் இருபுறமும் அரை செ.மீ. வெட்டியெறிந்து மீண்டும் ஒட்டினேன். டொக் போய்விட்டது, அப்பாடா. லூப் 0.05 நொடி குறைந்தது. தாளத்தை அதற்கேற்ப நகர்த்திக்கொண்டேன். பிளேடு இப்போது வேறு அறையில்.