வன்னி வெயிலுக்க சட்டியில பாசி வளக்கிறது எப்பிடி

முதல் இதச் சொல்லிட்டுத்தான் மற்றதெல்லாம் சொல்லோணும், காய்ஞ்சு சுருண்டு மண்ணிறமாப் போன பாசி செத்த பாசி இல்லை. எங்கட பக்கம் இந்தப் பாசிய, அதாவது மொஸ்ஸ, வளக்கிற கனபேர் தோக்கிறது இந்த இடத்திலதான். பங்குனி பிறந்து பாசி கறுக்கத் தொடங்கினோண்ண ஐயோ பட்டுப்போகப் போகுதெண்டு காலம மத்தியானம் பின்னேரமெண்டு தண்ணிய ஊத்தி ஊத்தி உண்மையாவே சாக்காட்டிப் போடுவினம். நானும் அப்பிடித்தான் ரெண்டு சட்டிய இழந்தனான்.

பாசிக்கு வேர் இல்லை. மண்ணைப் பிடிச்சு நிக்கிறதுக்கு மயிர் மாதிரி வேர்ப்போலி மட்டும்தான் இருக்கு, தண்ணிய அது இலையாலதான் குடிக்கும். உள்ளுக்க போன தண்ணிய மூடி வைக்கிற தடிச்ச தோலும் அதுக்கு இல்லை, அதால சுத்தி ஈரமா இருந்தா அதுவும் ஈரம், சுத்திக் காய்ஞ்சா அதுவும் காய்ஞ்சிடும். ஆனா காய்ஞ்சோண்ண எல்லா வேலையையும் நிப்பாட்டிப்போட்டு மாசக்கணக்கா அப்பிடியே படுத்திருக்கும், பேந்து தண்ணி பட்டா எழும்பும். உங்கட கிணத்துக்கட்டில நிக்கிற பாசி எத்தினை கோடையக் கண்டிருக்கும், ஆர் அதுக்குத் தண்ணி ஊத்தினது?

அதால எந்தப் பாசிய எடுக்கிறீங்கள் எண்டதிலயே பாதி விசயம் முடிஞ்சிடும். ஆக்கள் ஆசைப்படுறது ஜப்பான் தோட்டப் படங்களைப் பாத்து, கியோட்டோவில சைஹோஜி எண்ட கோயில் தோட்டத்தில 120 வகை அளவில பாசி மெத்தை விரிச்ச மாதிரி கிடக்கு, வடிவெண்டா அப்பிடி ஒரு வடிவு. அதைப் பாத்திட்டு நுவரெலியாக்குப் போய் வரேக்க றோட்டோரக் கட்டையில இருந்து ஒரு துண்டப் பேத்து ஷொப்பிங் பாக்கில போட்டுக்கொண்டு வருவினம். அது 1800 மீற்றருக்கு மேல குளிருக்க புகாருக்க வளர்ந்த சாமான். ஏ எல் பயோ படிச்ச ஆக்களுக்கு ஞாபகம் இருக்கிற பொகனாற்றம் எண்ட பாசியும் அப்பிடியான குளிர் இடத்தச் சேர்ந்ததுதான். இஞ்ச கொண்டந்து என்ன செய்தாலும் அது நிக்காது, நான் கொண்டந்தது கண்ணாடிப் போத்திலுக்க ரெண்டு கிழமையில அவிஞ்சு கறுத்துப் போச்சு. மலைப் பாசிய மலையிலயே விடுங்கோ.

எங்களுக்குத் தேவையானது எங்கட வளவிலயே கிடக்கு. கிணத்துக்கட்டு, தண்ணித் தாங்கி அடி, மதிலின்ர நிழல் பக்கம், பழைய செங்கல், ஓடு, இதுகள்ல குட்டைக் குட்டையா நெருக்கமா நிக்கிற கரும்பச்சைப் பாசிதான் சரியான பாசி. சூடான நாடுகள்ல சுவர்லயும் சீமெந்திலயும் சாதாரணமா வாறது ஹையோபிலா எண்ட இனம், காய்ஞ்சா இலைய உள்பக்கமா சுருட்டி வச்சிடும், நனைஞ்சா கண்ணுக்கு முன்னாலயே விரிக்கும். உங்கட சுவர்ல நிக்கிறது அதுதானோ எண்டு பேர் தேடி மினக்கெடத் தேவையில்லை, ஒரு துண்டில தண்ணி தெளிச்சுப் பாருங்கோ, சுருண்டது விரிஞ்சு பச்சை வந்தா அது கோடை தாங்கிற பாசி.

ஒரு குழப்பம் வரும், ஏனெண்டா நாங்கள் பச்சையா வழுக்கிற எல்லாத்தையும் பாசி எண்டுதான் சொல்லுறது. கையால தடவேக்க சளி மாதிரி வழுக்கினா அது அல்கா, அதை எடுக்காதேங்கோ. கிட்டப் பிடிச்சுப் பாத்தா குட்டித் தண்டும் இலையும் தெரியோணும், தொட்டா வெல்வெற் துணி மாதிரி இருக்கோணும். மழைக்குப் பிறகு முத்தத்தில கரும்பச்சை ஜெலி மாதிரி உருண்டு கிடக்கிறதும் வேற சாமான்.

எடுக்கிற நேரம் ஐப்பசிக் கடைசி, கார்த்திகை. மழை விழுந்து ரெண்டு மூண்டு கிழமை போனாப் பிறகு பாசி கொழுத்து நிக்கும், அப்ப எடுத்தா உடன பிடிக்கும். பாவிச்சு முடிஞ்ச பாங்க் காட் ஒண்டால அடியால மெல்லிசா வழிச்சு எடுங்கோ, உள்ளங்கை அளவு போதும். ஒரே இடத்தில முழுசா வழிக்காம இடை விட்டு விட்டு எடுத்தா அடுத்த மாரிக்கு அந்த இடம் திருப்பி மூடிடும். அம்மா புளீச்சிங் பவுடர் போட்டுக் கிணத்தடி தேய்க்கப் போறா எண்டு தெரிஞ்சா அதுக்கு முதல் நாள் போய் எடுங்கோ, அதுதான் ஆக நல்ல நேரம், பவுடர் பட்ட பாசி பேந்து உதவாது.

இன்னொரு விசயம், இதைக் கட்டாயம் சொல்லோணும். எங்கட ஊருகள்ல ஆக வடிவான பாசி நிக்கிறது கூரை இல்லாம நிக்கிற வீட்டுச் சுவர்கள்லதான், மழை நேர விழுந்து விழுந்து உள்ளறையெல்லாம் பச்சையா இருக்கும். அது ஆற்றையோ வீடு. இருக்கிற சொந்தக்காரரைக் கேக்காம கை வைக்காதேங்கோ. மிதிவெடிப் பலகை போட்ட காணிக்கயும், துப்புரவு செய்து முடிஞ்சதெண்டு தெரியாத பத்தைக்கயும் பாசிக்காக ஒரு அடி கூட வைக்கக் கூடாது, பிள்ளைகள அனுப்பவும் கூடாது. வன இலாகாக் காட்டுக்கயும் எடுக்கிறேல்லை. வளவுக்க கிடைக்கிறதே தாராளம்.

சட்டிக்கு வருவம். வெடிச்ச மண்சட்டி, கறிச்சட்டி, உடைஞ்ச பானையின்ர அடி, வளைஞ்ச கூரை ஓடு, எது எண்டாலும் சுட்ட மண்ணா இருக்கட்டும். பிளாஸ்ரிக் வேண்டாம், வெயிலுக்கு அது கொதிக்கும், மண்சட்டி தண்ணியக் கசிய விட்டுத் தானே குளிர்ந்து கொள்ளும். ஆழம் தேவையில்லை, 4 விரல் காணும், அடியில ஓட்டை வேணும். மண் எண்டா அரிச்ச செம்மண் ரெண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, இடிச்ச செங்கல் தூள் ஒரு பங்கு, அவ்வளவுதான் நான் போடுறது. சாணம், கொம்போஸ்ட், யூரியா ஒண்டும் வேண்டாம், பாசிக்குப் பசளை போட்டா பாசி வளராது, பூஞ்சணமும் புல்லும்தான் வளரும். மண்ணைப் போட்டு நனைச்சு உள்ளங்கையால இறுக்கி நடுவில கொஞ்சம் மேடா விடுங்கோ, பொதுக்கு பொதுக்கெண்ட மண்ணில பாசி பிடிக்காது. ஒரு கல்லோ, கிணத்துச் சுவர் வெடிப்பில முளைச்ச குட்டி ஆலங்கண்டோ ஒண்டச் சேத்து வச்சா பாக்கவே ஒரு தோட்டம் மாதிரி வந்திடும்.

வைக்கிறதுக்கு ரெண்டு வழி இருக்கு. துண்டாவே வைக்கிறதெண்டா அடி மண்ணைக் கழுவிட்டு ஈர மண்ணில வச்சு நல்லா அமத்துங்கோ, அடியில காத்து இடைவெளி இருந்தா அந்த இடம் காய்ஞ்சு கிளம்பிடும், அதால முதல் மாசம் கிழமைக்கு ஒருக்கா விரலால அமத்தி விடோணும். மற்றது தூவுறது. பாசிய நிழல்ல காய வச்சு கையால கசக்கித் தூளாக்கி மண்ணில தூவி, மேல ஒரு பிடி நைஸ் மணல் தூவி, ஈரத்துணி போட்டு ரெண்டு கிழமை மூடி வையுங்கோ. பாசியில ஒரு இலைத்துண்டே புதுச் செடியா வரக்கூடியது, முதல்ல மண்ணில பச்சை நூல் படர்ந்த மாதிரித் தெரியும், அதை அல்கா எண்டு நினைச்சு வழிச்சுப் போட்டிடாதேங்கோ, அதிலதான் பிறகு குட்டி இலை வரும். ரெண்டு மாசம் பொறுமை வேணும். மோர், தயிர், சீனி போட்டு பிளெண்டர்ல அடிச்சுப் பூசச் சொல்லி வீடியோ கிடக்கு, எங்கட சூட்டுக்கு அதைச் செய்யாதேங்கோ, மூண்டாம் நாள் நாத்தம், நாலாம் நாள் எறும்பு, பிறகு பூஞ்சணம்.

தண்ணிதான் பெரிய விசயம். எங்கட கனஇடத்துக் கிணத்துத் தண்ணி வன்தண்ணி, கேத்திலுக்க வெள்ளையாப் படியிறதப் பாத்தாத் தெரியும். சுவர்ல வளர்ற பாசிக்குச் சுண்ணாம்பு பழக்கம்தான், ஆனா தண்ணி ஆவியாப் போகப் போக உப்பு இலை நுனியிலயே தங்கி நிண்டு வெள்ளை பிடிச்சு கருக்கிப் போடும். அதால மழைத் தண்ணி பிடிச்சு மூடி வையுங்கோ, ஒரு சட்டிக்கு நாலஞ்சு பெரிய போத்தில் கனநாளைக்குக் காணும். ஏசியில இருந்து வடியிற தண்ணியும் நல்லது, அதில உப்பு இல்லை. ஒண்டும் இல்லாட்டி கிணத்துத் தண்ணிய நல்லாக் கொதிக்க வச்சு ஆற விட்டு, அடியில படிஞ்சத விட்டிட்டு மேல் தண்ணிய எடுங்கோ, வன்மை கொஞ்சம் குறையும், ஆனா உவர்த்தண்ணிக்கு இது உதவாது.

எப்பிடி ஊத்திறதெண்டா, ஒண்டில் நல்லா நனையுங்கோ இல்லாட்டி விடுங்கோ. சும்மா பட்டும் படாமலும் ஸ்பிறே அடிச்சிட்டுப் போறதுதான் பாசிக்குச் செய்யிற ஆகப் பெரிய கெடுதல். ஏனெண்டா நித்திரையால எழும்பேக்க அது தன்ர சேமிப்பச் செலவழிச்சு உடைஞ்சதத் திருத்தும், பிறகு கொஞ்ச மணித்தியாலம் ஈரமா இருந்து வெளிச்சத்தில சாப்பாடு செய்தாத்தான் அந்தச் செலவு திரும்பி வரும். அதுக்கு முதல் காய்ஞ்சா நட்டம். இப்பிடி ஒரு நாளைக்கு ரெண்டு தரம் எழுப்பி எழுப்பிக் காய விட்டா ஒரு மாசத்தில ஒண்டும் மிச்சமிராது. ஆனபடியா விடிய 6 மணிக்கு முதல் சட்டி முழுக்க ஊறுற மாதிரி ஊத்துங்கோ. மத்தியானம் ஊத்தவே கூடாது, ஈரமா இருக்கேக்க பாசிக்குச் சூடு தாங்காது, காய்ஞ்சிருந்தா அதே சூட்டைத் தாங்கும். மூடின கண்ணாடிப் போத்திலுக்க வச்சு ஜன்னலடியில வைக்கிறதும் அதாலதான் இஞ்ச சரிவராது. சட்டிக்குக் கீழ தட்டு வைக்கிறதெண்டா தண்ணி நிக்க விடாதேங்கோ, மணலை நிரப்பி மணலை ஈரமா வையுங்கோ, மாரிக்கு டெங்கு நுளம்பு பெருகும், பி.எச்.ஐ (சுகாதாரப் பரிசோதகர்) வந்தா வழக்கும் வரும்.

வெளிச்சம் வேணும், நேர் வெயில் வேண்டாம், காலம ஒரு மணித்தியால இளவெயில் பரவாயில்லை. வீட்டின்ர வடக்குப் பக்கம் வையுங்கோ எண்டு எல்லாரும் சொல்லுவினம், மாரிக்கு அது சரி, ஆனா நாங்கள் இருக்கிற இடத்தில சித்திரைப் புதுவருசத்தோட சூரியன் உச்சியக் கடந்து வடக்கால போய் ஓகஸ்ட் கடைசிக் கிட்டத்தான் திரும்பி வரும், அந்த மாசங்கள்ல வடக்குச் சுவருக்குத்தான் வெயில். சித்திரையில சட்டிய மாமரத்துக்குக் கீழயோ தெற்குப் பக்கத் தாவாரத்துக்குக் கீழயோ மாத்துங்கோ.

சோளகக் காத்து (தென்மேற்குக் காத்து) தொடங்கினோண்ண தண்ணிய நிப்பாட்டுங்கோ. பாசி சுருண்டு கறுக்கும், பாக்க மனசு கேக்காது, ஆனா விடுங்கோ. நிழல்ல, காத்து நேர அடிக்காத இடத்தில படுக்கட்டும். சித்திரை மழை மாதிரி ஒரு பெருமழை வந்தா மட்டும் வெளியில வச்சு எடுங்கோ. கோடையிலயும் பச்சையாத்தான் வேணும் எண்டு நிக்கிறாக்கள் மண்சட்டியப் பெரிய ஈர மணல் தட்டில வச்சு கிணத்தடி நிழல்ல விடலாம், விடியத் தவறாம ஊத்தோணும், ஒரு கிழமை ஊருக்குப் போனா அந்த வேலை கெட்டுப் போகும். எனக்கு நித்திரைக்கு விடுறதுதான் நல்லதாப் படுது.

மற்றக் கரைச்சல்கள் சின்னன். கோழி கிண்டும், பழைய வலைத்துண்டு ஒண்டு போட்டு மூடுங்கோ. வேப்பஞ்சருகு விழுந்து மூடிக் கிடந்தா அடியில பாசி மஞ்சளாகும், ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஊதி விடுங்கோ. புல்லு முளைச்சா குட்டியா இருக்கேக்கயே சாவணத்தால ஒரு கையால பாசிய அமத்திக்கொண்டு இழுங்கோ.

தென்னை, பனை அடிமரத்தில வெள்ளை கலந்த இளம்பச்சையில ஒரு பாசி மெத்தை மாதிரி நிக்கும், ஒக்ரோபிளெபாரம் எண்டு பேர், அது மண்ணுக்கு வராது, விழுந்த மரக்குற்றியோட சேத்துத்தான் வைக்கலாம், தொட்டா இலை முறியும், கவனம். வீட்டுக்க மீன்தொட்டி இருந்தா ஜாவா மொஸ் வாங்கி ஒரு கல்லில நூலால சுத்திக் கட்டி விடுங்கோ, அது தண்ணிக்கயே வளரும்.

ஐப்பசியில முதல் பெருமழை வாற அண்டு சட்டியத் தூக்கிக்கொண்டு போய் முத்தத்தில வச்சிட்டுப் பக்கத்தில ஒரு பத்து நிமிசம் நில்லுங்கோ. கறுத்துக் கிடந்தது ஒவ்வொரு இலையா விரியிறது தெரியும். ரெண்டு மூண்டு கிழமை போனாப் பிறகு உள்ளங்கை அளவு பேத்து அடுத்த சட்டிக்கு வையுங்கோ, வெறும் இடத்துக்கு ஈர மண் போட்டு அமத்தி விட்டா தைப்பொங்கலுக்குள்ள மூடிடும். அந்த நேரத்தில சில பாசியில மயிர் மாதிரிக் காம்பும் நுனியில நெருப்புக்குச்சித் தலை மாதிரி ஒரு குமிழும் வரும், அதுக்குள்ளதான் வித்தி (புதுப் பாசி முளைக்கிற தூள்), அதை வெட்டாம விடுங்கோ.