கடையில ஸ்டூல் போட்டும் யாரும் உக்கார மாட்டேங்குறாங்களா?

ஜவுளிக்கடை, நகைக்கடை, சூப்பர் மார்க்கெட்ல முதலாளியா சூப்பர்வைசரா இருக்கவங்களுக்குத்தான் இது. கடையில வேலை பாக்குறவங்களுக்கு உக்கார வசதி இருக்கணும்னு 2021ல தமிழ்நாட்டுல 1947ஆம் வருசத்து கடைகள், நிறுவனங்கள் சட்டத்துல 22-ஏன்னு ஒரு பிரிவு சேர்த்தாங்க. கேரளாவுல 2018லயே வந்துடுச்சு, கோழிக்கோடு மிட்டாய்த் தெருவுல கடை வேலைக்குப் போன பொம்பளைங்க போராடி வாங்குனது அது.

நான் புடவை செக்‌ஷன்ல சூப்பர்வைசரா இருந்த கடையிலயும் ஸ்டூல் வந்துச்சு, ஒரு மாசம் ஆகியும் அதுல உக்காந்திருந்தது கட்டப்பை கட்டு மட்டும்தான். உக்காந்தா சோம்பேறின்னு பேரு வந்துடும்னு பயம், முதலாளி படி ஏறுற சத்தம் கேட்டாலே எல்லாரும் விறைப்பா நிப்பாங்க.

அதனால முதல்ல நீங்க உக்காருங்க. கூட்டம் இல்லாத நேரமா பாத்து, எல்லார் கண்ணுலயும் படுற மாதிரி. நான் உக்காந்தப்ப ரெண்டு நாள் ஒருத்தரும் கிட்ட வரல, மூணாவது நாள் ஒரு அக்கா வந்து பக்கத்துல உக்காந்து கால நீட்டுனாங்க, வீங்கிப்போய் கொலுசு பதிஞ்ச தடம் சுத்தி அப்படியே தெரிஞ்சுது, எட்டு வருசமா அவங்கள பாக்குறேன் அன்னிக்குதான் பாத்தேன்.

ஸ்டூல குடோன் ஓரத்துல போடாதீங்க, அவங்க நிக்குற ரேக் பக்கத்துலயே போடுங்க, அங்கிருந்து வாசல் தெரியணும். கஸ்டமர் வந்தா யாரு எந்திரிக்கணும்னு முறை வெச்சுடுங்க, இல்லன்னா ஒருத்தர் வந்ததும் ஆறு பேரும் எந்திரிப்பாங்க. நீங்க சூப்பர்வைசர்னா முதலாளிகிட்ட முன்னாடியே பேசிடுங்க, சட்டம்னு சொன்னா முகம் சுளிப்பாரு, இருக்குறவங்க கால் வலி தாங்காம வேலைய விட்டுட்டா புது ஆளுக்கு புடவை ரகம் சொல்லிக்குடுத்து தேத்த எத்தன மாசம் ஆகுதுன்னு கேளுங்க, அது புரியும். கேமராவுல பாத்துட்டு ‘யாரது உக்காந்திருக்கிறது’ன்னு ஒரே ஒரு போன் வந்தா போச்சு, மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.

தீபாவளி சீசன்ல தானா உக்கார நேரம் கிடைக்காது, ஆளுக்குப் பத்து நிமிசம்னு மாத்தி மாத்தி நீங்களே அனுப்புங்க. பாத்ரூமுக்கும் இதேதான், கேட்டுட்டுதான் போகணும்னா தண்ணியே குடிக்காம நிப்பாங்க.

அப்பறம் வாரம் ஒரு தடவ ஸ்டூல் மேல கட்டப்பை கட்டு திரும்ப ஏறியிருக்கான்னு பாருங்க. ஏறியிருந்தா யாரோ ஏதோ சொல்லியிருக்காங்க, தனியா கூப்ட்டு கேளுங்க.